முதுகு காட்டி நின்றவள்

"போட மாட்டேன்" என்றாள் தையல்காரம்மா. அன்று காலையில் மட்டும் இது நாலாவது தடவை.

ஹோட்டல் சாப்பாட்டு அறையில் அத்தனை பேரும் தட்டைப் பார்த்தபடி, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேசை நடுவில் ஒரே ஒரு காகிதம். அழகாக டைப் அடித்த மன்னிப்புக் கடிதம். மாஸ்டர் எடுத்த புகைப்படத்தை நான் எடுத்தது என்று பொய் சொன்னேன், அவருடைய பேரைக் கெடுத்தேன், வருந்துகிறேன் என்று நாலு வரி. அடியில் கையெழுத்துக்குக் கோடு. பக்கத்தில் பேனாகூட வைத்திருந்தார்கள். வைத்தவர் பல் டாக்டர். நாற்பது வருஷமாக அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பிழைத்த மனிதர், இன்றைக்கு ஒருத்தியின் வாயை மூட வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"சின்ன விஷயம்மா. ஒரு கையெழுத்து. போட்டா எல்லாரும் சந்தோஷமா ஊருக்குப் போகலாம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"நீங்க போங்க டாக்டர். எனக்கு அவசரம் இல்ல."

எழுந்தாள், தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் வைத்தாள், அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தும்போதுகூட சத்தம் இல்லை. அதுதான் மேசையில் இருந்தவர்களுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்து நாலாவது ரொட்டித் துண்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் பேர் ஓட்டைவாய். துப்பறியும் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு இப்படி ஒரு பட்டப்பேரா என்று கேட்காதீர்கள். எந்நேரமும் தொணதொணப்பானே தவிர, ஆபீஸ் ரகசியம் ஒன்றாவது அந்த வாய் வழியாகச் சிந்தியது கிடையாது. அவனுக்குப் பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவனுடைய முதலாளி. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தி எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் வக்கீலம்மா என்றுதான் பேர். கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். இங்கே மட்டும் இரண்டு பேரும் அக்கா, தம்பி. பென்ஷன் வாங்கும் அக்காவும், அவளுக்குப் பை தூக்க வந்த தம்பியும். வயிற்றுக் கோளாறில் பாதியில் ஊருக்குத் திரும்பிய இரண்டு பேரின் இடத்தில், நேற்றுத்தான் இந்த கோஷ்டியோடு சேர்ந்துகொண்டார்கள்.

கோஷ்டி என்றால் சாதாரண கோஷ்டி இல்லை. 'வண்ணங்களின் நாட்டில் ஆறு நாள், கேமராவும் கையுமாக' என்று விளம்பரம் பார்த்துச் சேர்ந்தவர்கள். விளம்பரத்தில் நாட்டைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. சுவர் நீலம் என்றால் கதவு ஆரஞ்சு, கதவு பச்சை என்றால் படிக்கட்டு ரோஸ். குப்பை வண்டிக்குக்கூட மாம்பழ நிறம் அடித்திருந்தார்கள். அதையெல்லாம் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் மாஸ்டர். பதினாலு பை வைத்த மேல்சட்டை, வலது காதில் கடுக்கன், பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம். அவர் கைகாட்டின இடத்தில் எல்லாரும் தோளோடு தோள் இடித்து நிற்க வேண்டும், அவர் சொல்லும்போது அமுக்க வேண்டும்.

சாயந்திரம் ஆனால் குறை சொல்லும் கூட்டம். கேமராவில் இருக்கும் மெமரி கார்டை எல்லாரும் கழற்றி மாஸ்டரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துக் குறை சொல்வார். யார் படத்திலாவது கூட வந்தவர் தலையோ தோளோ தெரிந்தால் போச்சு, அந்தப் படத்தை எல்லார் எதிரிலும் அழிக்க வைப்பார். மறுநாள் காலையில் கார்டு திரும்பி வரும்.

வம்பு ஆரம்பித்தது நாலாவது நாள். ஹோட்டல் ஹாலில் மாஸ்டர் தன் இந்த வருஷத்துச் சிறந்த படம் என்று ஆளுயரத்துக்கு ஒன்றை மாட்டித் திரையை விலக்கினார். சாயப்பட்டறைச் சந்தில் ஒரு சாயக்காரர், தொட்டியிலிருந்து மஞ்சள் நூல்கற்றையைத் தலைக்கு மேல் தூக்குகிறார், முகமெல்லாம் மஞ்சள் தெறித்திருக்கிறது, நேராக நம்மைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். பார்த்தவர்கள் கைதட்டி ஓய்ந்த நேரத்தில், "இது நான் எடுத்த படம். ரெண்டாம் நாள் எடுத்தேன்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். தையல்காரம்மா.

மாஸ்டர் அவள் கார்டை வாங்கி எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார். அதில் அந்தப் படம் இல்லை. எப்படி இருக்கும், இரண்டு ராத்திரி அவரிடம்தானே இருந்தது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. அவளையே பொய்க்காரி என்று பிடித்துக்கொண்டார்கள். இன்று நாலு மணிக்குப் படக்காட்சித் திறப்பு, ஒரு பத்திரிகை ஆசிரியை வருகிறாள். அதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால், மாஸ்டர் மேடையிலேயே அவளைத் திருடி என்று சொல்வார். அந்தச் சேதி ஊரில் நாற்பது பெண்களுக்கு அவள் தையல் சொல்லித் தரும் பயிற்சி நிலையத்துக்கும் போகும். அதோடு அந்த வேலை அம்பேல்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டவள் தையல்காரம்மாவின் தங்கை. ஒரே ஒரு நிபந்தனை. நான்தான் அனுப்பினேன் என்று அக்காவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் உங்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள், அவ்வளவு ரோஷக்காரி என்றாள்.

"மணி எட்டரை" என்றாள் வக்கீலம்மா, மாடிப்படி ஏறும்போது. "ஏழரை மணி நேரம் இருக்கு."

"அந்தச் சாயக்காரரையே கேட்டுட்டா என்ன மேடம்?"

"நேத்தே கேட்டாச்சு. தினம் நூறு பேர் வந்து கேமராவை நீட்டுறாங்க, இதுல யாரை நான் ஞாபகம் வெச்சுக்கன்னு கேட்டார். நியாயமாத்தான் இருந்தது. நீ ஒண்ணு பண்ணு. ரெண்டாம் நாள் அந்தச் சந்துல பத்துக் கேமரா இருந்திருக்கு. நல்ல படம் எதையும் கேட்காதே. கெட்ட படமா கேளு. கூட வந்தவங்க குறுக்க வந்து கெடுத்த படம். ஏதாவது ஒண்ணுல அந்தம்மா நின்ன இடம் தெரியணும்."

ஓட்டைவாய் கிளம்பினான். குப்பை பொறுக்கப் போகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது, அதனால் கற்றுக்கொள்ள வந்த மக்கு மாதிரி நடித்தான். அதற்கு அவன் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை என்பது வக்கீலம்மாவின் கருத்து.

முதலில் பிடித்தது பேங்க் மேனேஜரை. கெட்ட படம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள், எப்படி எடுக்கக்கூடாது என்று கற்றுக்கொள்கிறேன் என்றான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னிடம் கெட்ட படமே கிடையாது, இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு படம் அழித்திருக்கிறேன் என்று மார் தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு சாட்சிகளைக் கழுத்தைத் திருகிப் போட்டுவிட்டுப் பெருமை வேறு. பல் டாக்டர், அழிக்கச் சொன்னார், அழித்தேன் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். அப்புறம் பார்த்த நாலு பேரும் அதே பாட்டுத்தான். பத்துப் பேர் ஒரே சந்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்கள், ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்ததற்கு ஒரு அத்தாட்சி கிடையாது. உலகத்திலேயே படம் பிடிக்கிறவர்கள் கூட்டத்தில்தான் இந்தக் கூத்து நடக்கும்.

பதினோரு மணிக்கு அவன் கால் ஓய்ந்து நீச்சல் குளத்தருகே போய் உட்கார்ந்தபோது, அங்கே புதுமாப்பிள்ளை மனைவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி மூன்று வாரம். மனைவி, இது வேண்டாம், இது வேண்டாம், கன்னம் உப்பித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஓட்டைவாய் சும்மா பேச்சுக் கொடுத்தான். மாஸ்டர் சொல்லியும் அழிக்காத படம் ஏதாவது இருக்கிறதா என்று நைசாகக் கேட்டான்.

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தான். "ஒண்ணு இருக்கு அண்ணே. மாஸ்டர் கிட்ட சொல்லிடாதீங்க. இவ அழகா விழுந்தது அந்த ஒரே படத்துலதான். அதை அழிச்சா இவ என்னை அழிச்சிடுவா. அதனால முதல்லயே போனுக்கு மாத்திட்டேன்."

போனை நீட்டினான். சாயப்பட்டறைச் சந்து. நடுவில் அவன் மனைவி, நிஜமாகவே அழகாகத்தான் இருந்தாள். அவளுக்கு இடது பக்கம் தூரத்தில் சாயக்காரர், கையில் மஞ்சள் நூல்கற்றை தலைக்கு மேலே, முகத்தில் மஞ்சள் தெறித்திருக்கிறது. ஹாலில் தொங்கும் அதே நொடி. வலது பக்கம் ஒரு முடிவெட்டும் கடை வாசல். அங்கே தையல்காரம்மா நிற்கிறாள். ஓட்டைவாய்க்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நிமிஷம் அப்படியே இறங்கிப் போனது. அவள் சாயக்காரருக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். கடைக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு, வக்கீலம்மாவிடம் ஓடினான்.

"கேஸ் காலி மேடம். முதுகுல கண் வெச்ச ஆளா இருந்தா ஒழிய, இந்தம்மா அதை எடுத்திருக்க முடியாது. நாமளும் பையைக் கட்டலாம், சாப்பாடாவது நல்லா இருந்தது."

வக்கீலம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். கடைசியில், ரகசியம் போதும், நேரிலேயே கேட்டுவிடலாம் என்று எழுந்தாள்.

தையல்காரம்மா அறையில் கட்டிலில் உட்கார்ந்து, அறுந்துபோன கேமராப் பை வாருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா தான் யார், யார் அனுப்பியது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். கேட்டதும் ஊசி நின்றது. தங்கச்சிக்கு வேற வேலை இல்லையா, எனக்காக யாரும் வாதாட வேண்டாம், நான் என்ன குற்றவாளியா என்று பொரிந்து தள்ளினாள். அவள் ஓயும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, வக்கீலம்மா போனை அவள் முன்னால் வைத்தாள்.

திடுக்கிடுவாள், அழுவாள், சப்பைக்கட்டுக் கட்டுவாள் என்றுதான் ஓட்டைவாய் எதிர்பார்த்தான். அவளோ படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஆறு நாளில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"யார் எடுத்தது? நல்லா இருக்கே" என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்க சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கு?"

அவன் குனிந்து பார்த்துக்கொண்டான். பேனா செருகியிருந்த பை. "இடது பக்கம்."

"பட்டன் துணி எது மேல எது இருக்கு?"

"இடது மேல, வலது கீழ. எதுக்குக்கா?"

"முப்பது வருஷமா நானும் ஆம்பளைங்க சட்டைக்கு அப்படித்தான் வெச்சுத் தைக்கிறேன். கீழ ஹாலுக்குப் போய் அந்தச் சாயக்காரர் சட்டையைக் கொஞ்சம் பாருங்க. பார்த்துட்டு சத்தம் போடாம வாங்க."

ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டைவாய் படத்தின் முன்னால் போய் நின்றான். சிரிக்கிற முகத்தை விட்டுச் சட்டையைப் பார்த்தான். பையில் ஒரு சீப்பு செருகியிருந்தது. பை சாயக்காரரின் வலது மார்பில் இருந்தது. பட்டன் வரிசையும் தலைகீழாக மாறி, வலது மேலே, இடது கீழே. தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், மறுபடி அதைப் பார்த்தான். நாற்காலி போட்ட ஆள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

அவன் திரும்பி வந்து சொல்லி முடிப்பதற்குள் வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

சாயப்பட்டறைச் சந்து பத்து நிமிஷ நடை. முடிவெட்டும் கடை திறந்திருந்தது. ஒற்றை நாற்காலி, ஒரு அலமாரி, வாசலைப் பார்த்தபடி சுவரை அடைத்து ஒரு பெரிய கண்ணாடி. அதில் எதிர்ப்பக்கத்துச் சாயத் தொட்டிகள், சாயக்காரர், மஞ்சள் நூல் எல்லாம் அப்படியே தெரிந்தன. தையல்காரம்மா கடைக்குள்ளே பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள். தான் அதில் விழாதபடி வாசல் ஓரமாக ஒதுங்கி, முதுகைக் காட்டி நின்றபடியே அந்த மனிதரை எடுத்திருக்கிறாள். கண்ணாடிக்குள் இருக்கிறவனுக்குச் சட்டைப் பை வலது பக்கம்தானே இருக்கும்.

ஓட்டைவாய் தலையில் கையை வைத்துக்கொண்டான். "முதுகுல கண் இருக்குன்னு நான் சொன்னது சரிதான் மேடம்."

"மேல பாரு" என்றாள் வக்கீலம்மா.

கண்ணாடியின் மேல்மூலையில், இடமிருந்து வலமாகச் சரிந்து ஒரு மெல்லிய விரிசல். ஹாலில் தொங்கும் படத்திலும் சாயக்காரரின் தலைக்கு மேலே அதே சரிவில் ஒரு கோடு. எல்லாரும் அதை வேறு ஏதோ என்று நினைத்திருந்தார்கள். முடிவெட்டுகிறவரைக் கேட்டதில், அந்த விரிசல் விழுந்து நாலு வருஷம் ஆகிறது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன் என்றார். மாற்றாமல் விட்ட புண்ணியவான். வக்கீலம்மா சொன்னபடி, வாசலில் அதே இடத்தில் நின்று அதே கண்ணாடியை ஓட்டைவாய் போனில் எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்ததும் அவனால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பெரிய ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தீர்களே, முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான்.

தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும் தம்பி? 'ஆமா, நானும் கண்ணாடியிலதான் எடுத்தேன்'னு அந்தாள் சொல்லியிருப்பான். முடிஞ்சது கதை. எடுத்தவளுக்குத்தான் அது கண்ணாடின்னு தெரியும், திருடினவனுக்குத் தெரியாது. எங்க நின்னு எடுத்தேன்னு அவன் வாயாலயே, நாலு பேர் முன்னாடி, மைக்குல சொல்லணும். அதுக்காகத்தான் வாயை மூடிட்டு இருக்கேன். வந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போடு கையெழுத்துப் போடுன்னாங்களே ஒழிய, நீ எங்க நின்னேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தானும் கேட்கவில்லை. இருபது வருஷம் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தவள், சந்து சந்தாகக் குப்பை பொறுக்க ஆளை அனுப்பினாளே தவிர, மாடி ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அதை வாய்விட்டே ஒப்புக்கொண்டாள். எங்கே பார்க்கிறாள் என்று படத்திடம் கேட்டது தப்பு, ஏன் திரும்பி நின்றீர்கள் என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்றாள்.

"ஏன்னா இடம் இல்ல" என்றாள் தையல்காரம்மா. "எல்லாரும் அந்த மாஸ்டர் தோளை ஒட்டி நின்னா எனக்கு எங்க இடம்? நான் குள்ளம். எக்கிப் பார்த்தேன், தொப்பிதான் தெரிஞ்சுது. சரி போங்கடான்னு திரும்பினேன். கண்ணாடியில அந்த மனுஷன் என்னைப் பார்த்துட்டார். ஊரே ஒரு பக்கம் பார்க்குது, இவ மட்டும் ஏன் திரும்பி நிக்கறான்னு சிரிப்பு வந்துடுச்சு போல. அந்தச் சிரிப்புதான் அது."

நாலு மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. சுவரில் பன்னிரண்டு படங்கள், எல்லாவற்றின் கீழும் மாஸ்டர் பேர். முன்வரிசையில் பத்திரிகை ஆசிரியை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். பல் டாக்டர் கடைசித் தடவையாகக் கடிதத்தோடு தையல்காரம்மாவிடம் போனார். இப்போதாவது போட்டுவிடுங்களேன், எதிர்த்தால் தாங்க மாட்டீர்கள் என்று ஏறக்குறையக் கெஞ்சினார். கடிதத்தை நீட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்ததை ஓட்டைவாய் கவனித்தான், காரணம் புரியவில்லை. அவள் இரண்டாவது வரிசை நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். கலை, உண்மை, உழைப்பு என்று அரைமணி நேரம் அள்ளிவிட்டார். பிறகு, சிலர் அடுத்தவர் உழைப்பைத் திருடப் பார்க்கிறார்கள், அது யார் என்று இன்று சொல்லப் போகிறேன் என்று தையல்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்த இடத்தில் வக்கீலம்மா பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினாள். நான் புதுசு, கற்றுக்கொள்ளும் ஆசை, சொல்லப் போவதற்கு முன்னால் இந்தப் பெரிய படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று மட்டும் சொல்ல முடியுமா என்றாள்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "தொட்டிக்கு நேர் எதிரே. கணுக்கால் அளவு சாயத் தண்ணியில நின்னேன். அவர் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர்."

"தலைக்கு மேல ஒரு கோடு தெரியுதே?"

"அது கொடிக்கயிறு. வேணும்னேதான் சேர்த்தேன். உழைக்கிறவன் தலைக்கு மேல எப்பவும் ஒரு கயிறு இருக்கு இல்லையா?"

சிலர் கைதட்டினார்கள். வக்கீலம்மா தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் எழுதுவது போல் பாசாங்கு செய்தாள். பிறகு, பிரிண்ட் போடும்போது படத்தை இடம் வலம் மாற்றி, இப்படி அப்படித் திருத்துவீர்களோ என்று வெகுளியாகக் கேட்டாள். மாஸ்டருக்கு அது அவமானமாகப் பட்டது. என் படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன், எடுத்தது எடுத்தபடி இருக்கும், அது என் கொள்கை என்று மைக்கில் முழங்கினார்.

மாஸ்டர் தப்பிக்க இருந்த கடைசிக் கதவையும் சாத்தியாகிவிட்டது. ஓட்டைவாய் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையைக் கிள்ளினான்.

வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டாள். மேற்கொண்டு அவள்தான் பேசுவாள் என்று ஓட்டைவாய் நினைத்தான். ஆனால் எழுந்தது தையல்காரம்மா. படத்துக்குப் பக்கத்தில் போய், தையல் பையிலிருந்து எடுத்த அளவுக்குச்சியால் சாயக்காரரின் சட்டைப் பையைத் தொட்டாள். இங்கே இருக்கிற ஆம்பளைகள் எல்லாரும் அவரவர் சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள் என்றாள். ஹால் முழுக்கக் கைகள் இடது மார்புக்குப் போயின. மாஸ்டரின் கையும் போனது, பாதியில் நின்றது. அதன் பிறகு அவள் கண்ணாடியைச் சொன்னாள், தான் நின்ற இடத்தைச் சொன்னாள். ஓட்டைவாய் மாப்பிள்ளையின் போனையும் தன் போனையும் ஆசிரியையிடம் கொடுத்தான். ஒன்றில் முதுகு காட்டி நிற்கிறவள், இன்னொன்றில் விரிசல் விட்ட கண்ணாடி. கொடிக்கயிறு என்று மாஸ்டர் திரித்த கயிறு, சரிவு மாறாமல் அப்படியே இருந்தது. ஆசிரியை போனை உயர்த்திப் பிடித்துப் படத்தோடு ஒப்பிட்டாள், பின்வரிசைக்குக் கொடுத்தாள். போன் கைமாறிக் கைமாறிப் போனது.

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, இரண்டு பேர் பேரையும் போட்டுவிடலாம், இதை இதோடு விட்டுவிடலாம் என்று அவளிடம் பேரம் பேசினார்.

"பொய்யை மைக்குல சொன்னீங்க. இதையும் மைக்குல சொல்லுங்க" என்றாள் அவள்.

அதோடு அவருக்குப் பொறுமை போய்விட்டது. கையை எடுத்துவிட்டு உரக்கவே பேசினார். பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தையல்காரி சொல்வதை நம்பப் போகிறீர்களா, பதினைந்து வருஷமாக நான் எடுத்த படங்கள் இந்தச் சுவரெல்லாம் தொங்குகின்றன, இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்தவர்களில் ஒருத்தராவது என்மேல் ஒரு குறை சொன்னது உண்டா என்று சவால் விட்டார்.

நாற்காலி ஒன்று தேய்கிற ஓசை கேட்டது. பல் டாக்டர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் மாஸ்டரைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவைப் பார்த்துத்தான் பேசினார். "இதே மாதிரி லெட்டர். மூணு வருஷம் முன்னாடி. இதே நாலு வரி. நான் கையெழுத்துப் போட்டேன்மா. போட்டுட்டேன்." கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்தார். "அதுக்கப்புறம் வருஷா வருஷம் அவர் கூடவே வர்றேன். வராம இருந்தா நான் பொய்யன்னு ஆகிடுமேன்னு பயம். நான் போட்டேனே, நீங்க மட்டும் போடாம இருந்தா எப்படின்னுதான் காலையிலேர்ந்து உங்களை..."

முடிக்கவில்லை. மனிதர் நாலு பேர் முன்னால் குழந்தை மாதிரி அழுதார். ஓட்டைவாய்க்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

தையல்காரம்மா அவருக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "எது உங்க படம்?" என்றாள்.

டாக்டர் கையால் சுட்டினார். மூன்றாவது படம். பச்சைப் படிக்கட்டில் குடையோடு ஏறுகிற ஒருத்தி.

"சுட்டினா போதாது டாக்டர். போய் எடுங்க."

அவர் தயங்கினார். மாஸ்டர் மேடையிலிருந்து, தொட்டுப் பாருங்கள் பார்ப்போம், போலீஸைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினார். தாராளமாகக் கூப்பிடுங்கள், அவர்கள் வருகிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருப்போம் என்றாள் வக்கீலம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே. டாக்டர் நடந்தார். அறுபத்திரண்டு வயசுக்காரர், அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, குழந்தையைத் தூக்குவது போல் மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிறகு பின்வரிசையில் பேங்க் மேனேஜர் எழுந்து, யாரையும் பார்க்காமல், வேட்டைக்காரன் மாதிரி நேராகப் போய் ஐந்தாவது படத்தைக் கழற்றினார். அவருக்குப் பின்னால், முந்தின வருஷங்களில் இதே மாஸ்டரோடு சுற்றியவர்கள், திறப்பு விழாவுக்கென்று வந்தவர்கள், ஒவ்வொருத்தராக நாற்காலியை விட்டு எழுந்தார்கள். மாஸ்டர் மைக்கில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தையல்காரம்மா தன் படத்தைக் கடைசியாகக் கழற்றினாள். ஆளுயரம் இருந்ததால் ஒரு பக்கம் ஓட்டைவாய் பிடிக்க வேண்டியிருந்தது. அவர்கள் அதை வாசல் வழியே திருப்பி வெளியே கொண்டுவரும்போது, ஹாலில் ஒரு மைக்கும் ஒரு மாஸ்டரும் பன்னிரண்டு ஆணிகளும்தான் மிச்சம் இருந்தன.